வேட்பாளர் விவாத மேடையும் நம் மக்களின் குரலும்

ஒரு சமுதாயம் தலைநிமிர்ந்து விட்டதா என்பதை அறிய அதன் வீடுகளையும் உடைகளையும் மட்டும் பார்த்தால் போதாது. ஊர்ப் பொதுவில் அது வாய் திறந்து பேச முடிகிறதா, தலைமை வேண்டி வருபவரைப் பார்த்து வினா எழுப்ப முடிகிறதா, எழுப்பிய வினாவுக்கு விடை பெற முடிகிறதா என்பதையும் பார்த்தல் வேண்டும். நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதப் பணிக்கப்பட்டபோது, பல்கலைக்கழக மாணவர் தலைவர் தேர்தலில் வேட்பாளர்கள் அவையோர் முன் நின்று வாதிடும் மரபைப் பொருளாகக் கொண்டோம். புதுதில்லியில் ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் வளர்ந்த மரபு அது. முகவைக் கடற்கரையில் வாழும் நமக்கு அது தொலைவான செய்தியாகத் தோன்றலாம். எனவே நம் ஊரிலிருந்தே தொடங்குவோம்.

பேசத் தடை இருந்த நாள்கள்

1930ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அன்றைய இராமநாதபுர மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தனர். பொன், வெள்ளி நகை அணியலாகாது, ஆடவர் முழங்காலுக்குக் கீழும் இடுப்புக்கு மேலும் துணி உடுத்தலாகாது, பெண்கள் மேலாடை போடலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது என்பன அவற்றுட் சில. 1931ஆம் ஆண்டு ஜூனில் தடைகள் பதினொன்றாயின. அவற்றுள் ஒன்று, நம் பிள்ளைகள் எழுத்தறிவு பெறலாகாது என்பது. மற்றொன்று, அப்பிள்ளைகள் மிராசுதாரரின் மாடுகளை மேய்க்க மட்டுமே அனுப்பப்பட வேண்டும் என்பது. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பின்னர் எழுதிய சாதி பற்றிய நூலில் இத்தடைகள் வரிசையாகப் பதிவாகியுள்ளன.

இத்தடைகளை விதித்தவர்களுக்கு எழுத்தின் ஆற்றல் தெரிந்திருந்தது. படித்தவன் கேட்பான், கேட்டவனுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும். பதில் சொல்ல விரும்பாத ஆதிக்கம் கேள்வியின் ஊற்றையே அடைக்க முற்பட்டது.

முதல் எட்டுத் தடைகள் விதிக்கப்பட்ட அதே டிசம்பரில் இலண்டனில் முதலாம் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. டாக்டர் அம்பேத்கரும் தமிழகத்தின் இரட்டைமலை சீனிவாசனும் தாழ்த்தப்பட்ட மக்களின் சார்பாளர்களாக அதில் அமர்ந்து பேசினர். அரசர்களும் அமைச்சர்களும் கூடிய அவையில் நம்மவர் இருவர் குரல் ஒலித்த வேளையில், முகவை மண்ணில் நம்மவர் குடை பிடிக்கவும் தடை இருந்தது. இவ்விரு செய்திகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பொது மேடை என்பது நமக்கு எத்தகைய பொருள் என்பது விளங்கும்.

இருபத்தேழு ஆண்டுகள் கழித்து நம் மாவட்டத்திலேயே அத்தகைய ஓர் அவை கூடியது. இராணுவப் பணியிலிருந்து ஊர் திரும்பி ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைக்காக உழைத்து வந்த செல்லூர் இமானுவேல் சேகரன், 1957 செப்டம்பர் 10ஆம் நாள் மாவட்ட ஆட்சியர் முதுகுளத்தூரில் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தம் மக்களின் சார்பாளராகக் கலந்துகொண்டார். மறுநாள், செப்டம்பர் 11இல், பரமக்குடியில் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு 33 வயது நிறையவில்லை. சமமாக அமர்ந்து பேசுவதற்கு நம் மாவட்டம் கொடுத்த விலையை நாம் மறப்பதற்கில்லை.

பழைய அவைகளில் நம் இடம்

வாதிடும் மரபு தமிழர்க்குப் புதியதன்று. பல சமயத்தாரும் ஏறி வழக்காடிய பட்டிமண்டபம் பற்றி மணிமேகலைக் காப்பியம் பேசுகிறது. தேர்தலும் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலை முறையை விரிவாகக் கூறுகின்றன. அதனைச் சனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் பாராட்டக் கேட்கிறோம். பாராட்டுமுன் அக்கல்வெட்டு விதிக்கும் தகுதிகளையும் படித்தல் நன்று. வரி செலுத்தும் கால்வேலி நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அது பிராமண ஊரின் சபை. நிலமும் மறையும் மறுக்கப்பட்டவர் பெயர் அக்குடத்தில் விழ வழியே இல்லை. தகுதியுற்றவருள் எவரைத் தேர்வது என்பதைக் குடத்திலிருந்து ஓலை எடுத்த சிறுவனின் கை முடிவு செய்தது. வேட்பாளர் நின்று பேசவும் இல்லை. ஊரார் கேட்கவும் இல்லை.

மேலை நாட்டில் வேட்பாளர் விவாதத்திற்குப் பெரும் முன்மாதிரியாகக் கூறப்படுவது 1858இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஆபிரகாம் லிங்கனும் ஸ்டீபன் டக்ளசும் நடத்திய ஏழு விவாதங்களாகும். ஆகஸ்டு 21 முதல் அக்டோபர் 15 வரை ஏழு ஊர்களில் அவை நடந்தன. முதலில் பேசுபவர்க்கு ஒரு மணி நேரம், அடுத்தவர்க்கு ஒன்றரை மணி நேரம், மீண்டும் முதல்வர்க்கு அரை மணி நேரம் என்பது ஏற்பாடு. ஆயிரக்கணக்கான மக்கள் மூன்று மணி நேரம் நின்றபடி கேட்டனர். அடிமை முறை புதிய மாநிலங்களுக்குப் பரவலாமா என்பதே வாதப் பொருள். அத்தேர்தலில் லிங்கன் தோற்றார். ஆயினும் அவ்விவாதங்கள் அச்சேறி நாடெங்கும் பரவின. 1860இல் அவர் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1865இல் அடிமை முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அடிமைகளின் வாழ்வைப் பற்றி இரு வெள்ளையர் வாதிட்டனர். அடிமையாயிருந்து தப்பி வந்து நாவன்மையால் புகழ் பெற்ற பிரடெரிக் டக்ளஸ் அந்நாளில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார். அம்மேடையில் அவருக்கு இடமில்லை. நம்மைப் பற்றிப் பிறர் வாதிடுவது ஒரு கட்டம். நாமே ஏறி வாதிடுவது அடுத்த கட்டம். இரண்டாவதற்கு வழி செய்த இடங்களில் ஒன்றாகவே தில்லிப் பல்கலைக்கழக மேடையை நாம் கருதுகிறோம்.

பல்கலைக்கழகமும் அதன் தேர்தலும்

ஜவாகர்லால் நேரு பல்கலைக்கழகம் 1966ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் அமைக்கப்பட்டு 1969இல் செயற்படத் தொடங்கியது. அதன் முதல் துணைவேந்தர் கோ. பார்த்தசாரதி தமிழர். தொடக்க காலத்திலேயே அங்கு ஒரு நல்ல சேர்க்கை முறை உருவாயிற்று. பின்தங்கிய மாவட்டங்களிலிருந்தும் வறிய குடும்பங்களிலிருந்தும் வரும் மாணவர்க்கு நுழைவுத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் வழங்குவது அது. 1983ஆம் ஆண்டுக் கொந்தளிப்பிற்குப் பின் இம்முறை நீக்கப்பட்டது. மாணவர் இயக்கத்தின் விடாமுயற்சியால் 1990களில் மீண்டது. அட்டவணைச் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் உரிய இடஒதுக்கீட்டோடு இதுவும் சேர, நாட்டின் மூலை முடுக்குகளிலிருந்து ஏழை மாணவர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். கேட்பவர் எவர் என்பதே ஒரு விவாதத்தின் போக்கைத் தீர்மானிக்கும். ஆகையால் மேடையைப் பற்றிப் பேசுமுன் சேர்க்கை முறையைச் சொல்ல நேர்ந்தது.

அங்கு மாணவர் சங்கத் தேர்தலை நிருவாகம் நடத்துவதில்லை. மாணவர்களே தம்முள் தேர்தல் ஆணையம் ஒன்றை அமைத்து, அறிவிப்பு முதல் வாக்கு எண்ணிக்கை வரை தாமே நடத்துகின்றனர். வேட்பாளர்கள் இரவுணவு வேளையில் விடுதிதோறும் உணவுக்கூடத்திற்குச் சென்று பேசுகின்றனர். துண்டறிக்கைகள் உணவு மேசைகளில் வைக்கப்படுகின்றன. ஒருவர் எழுதிய அறிக்கைக்கு மறுநாளே மற்றவரின் மறுப்பு அறிக்கை வந்துவிடும். சுவரொட்டிகள் கையால் வரையப்படுகின்றன. பணம் படைத்தவர்க்கு இத்தேர்தலில் செய்வதற்கு அதிகமில்லை.

இவையனைத்திற்கும் முடிவாக அமைவது தலைவர் பதவிக்கான வேட்பாளர்களின் பொது விவாதம். வாக்குப்பதிவிற்கு முந்திய நாள் பரப்புரை செய்யக் கூடாத நாள். அதற்கும் முந்திய இரவில் விவாதம் நடைபெறும். பல ஆண்டுகளாக ஜீலம் விடுதியை ஒட்டிய திடலே அதற்குரிய இடமாக விளங்கி வந்துள்ளது. உணவு முடிந்து மாணவர்கள் கூடத் தொடங்குவர். டஃப்லி எனும் கைப்பறை முழங்கும். ஒரு பக்கம் ‘லால் சலாம்’, ஒரு பக்கம் ‘ஜெய் பீம்’, வேறொரு பக்கம் ‘பாரத் மாதா’ முழக்கம். பெரிய அமைப்பின் வேட்பாளரும், எவ்வமைப்பும் இன்றித் தனித்து நிற்பவரும் ஒரே வரிசையில் அமர்வர். ஒரே அளவு நேரம் பெறுவர்.

விவாதம் மூன்று சுற்றுகளாக நடைபெறும். முதற்சுற்றில் ஒவ்வொருவரும் தம் கொள்கையை உரைக்க வேண்டும். விடுதி இடநெருக்கடி முதல் உலகப் போர்கள் வரை எதுவும் பேசப்படும். இரண்டாம் சுற்றில் வேட்பாளர்கள் ஒருவரையொருவர் வினவுவர். மூன்றாம் சுற்றில் அவையோர் வினவுவர். எழுதி மனனம் செய்து வந்த உரை முதற்சுற்றுக்கு உதவும், பின்னிரண்டிற்கு உதவாது. உமது அமைப்பு ஆளும் மாநிலத்தில் எம் மக்களுக்கு நிலம் கொடுத்தீரா, உமது சங்கத்தில் இத்தனை ஆண்டுகளாக எம்மவர் எத்தனை பேர் தலைவராயினர் என்று கேட்டால், கேட்டவர் முகத்தைப் பார்த்து விடை சொல்ல வேண்டும். நள்ளிரவு கடந்தும் கூட்டம் கலைவதில்லை. விவாதம் விடியும்வரை நீண்ட ஆண்டுகளும் உண்டு.

மேடை உருவாக்கிய வரலாறு

இம்மேடைப் பழக்கத்தில் வளர்ந்தவர் பலர் பின்னர் நாட்டு அரசியலில் அறியப்பட்டனர். 1974இல் ஆனந்த் குமாருக்கும், சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் பயின்று சென்ற பிரகாஷ் காரத்துக்கும் நடந்த போட்டியில் ஆனந்த் குமார் வென்றார். நெருக்கடி நிலைக்குப் பின் 1977இல் தலைவராயிருந்த சீதாராம் யெச்சூரி, சென்னையில் பிறந்தவர், மாணவர்களுடன் இந்திரா காந்தியின் இல்லத்திற்குச் சென்றார். தேர்தலில் தோற்ற பின்னும் பல்கலைக்கழக வேந்தராக நீடித்த அவர் விலக வேண்டுமென்ற கோரிக்கையை அவர் முன்னிலையிலேயே படித்தார். இந்திரா காந்தி நின்று கேட்டார். பின்னர் வேந்தர் பதவியிலிருந்து விலகினார். திடலில் வேட்பாளரை வினவிப் பழகியவர்கள் வேந்தரையும் வினவத் தயங்கவில்லை.

நம் மக்களைப் பொறுத்தவரை இவ்வரலாற்றின் முதற்படி 1996இல் அமைந்தது. அவ்வாண்டு பட்டிலால் பைர்வா மாணவர் சங்கத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து அப்பதவிக்கு வந்த முதல்வர் அவர். சங்கம் தோன்றிக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது.

2014ஆம் ஆண்டு நவம்பரில் பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கம் அங்கு உருவாயிற்று. பழங்குடியினர் தலைவர் பிர்சா முண்டா, டாக்டர் அம்பேத்கர், மகாத்மா பூலே ஆகிய மூவர் பெயரையும் தாங்கிய இவ்வமைப்பு 2016இல் இராகுல் சோன்பிம்பிளேயைத் தலைவர் பதவிக்கு நிறுத்தியது. நீண்ட காலமாக வேரூன்றிய இடதுசாரி அமைப்புகளையும் வலதுசாரி அமைப்பையும் அவர் அம்மேடையில் ஒருங்கே வினவினார். ஒடுக்கப்பட்டோர் பெயரால் பேசுவோர் ஒடுக்கப்பட்டோர் தலைமையை ஏற்பரா என்பதே அவர் வாதத்தின் சாரம். வாக்கு எண்ணி முடிந்தபோது இடதுசாரி வேட்பாளர் மோகித் பாண்டே 1,954 வாக்குகளும் இவர் 1,545 வாக்குகளும் பெற்றிருந்தனர். தோன்றி இரண்டாண்டு நிரம்பாத அமைப்பு இரண்டாம் இடத்தில் நின்றது. அதற்கு முந்திய ஆண்டில், 2015இல், கன்னையா குமார் வென்றதற்கும் அவருடைய விவாத உரையே பெருங்காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. சிறிய அமைப்புக்கும் செவி கிடைக்கும் இடம் அது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

2024ஆம் ஆண்டு மார்ச்சு 22இல் நடந்த தேர்தலில் பீகார் மாநிலம் கயையைச் சேர்ந்த ஆய்வு மாணவர் தனஞ்செய் வெற்றி பெற்றார். அவர் பெற்ற வாக்குகள் 2,598. அடுத்து வந்தவர் பெற்றவை 1,676. பைர்வாவுக்குப் பின் தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து ஒருவர் தலைவராவதற்கு 28 ஆண்டுகள் ஆயின. அதே தேர்தலில் பிர்சா அம்பேத்கர் பூலே மாணவர் சங்கத்தின் வேட்பாளர் பிரியான்ஷி ஆர்யா, இடதுசாரி அமைப்புகளின் ஆதரவும் பெற்றுப் பொதுச் செயலாளரானார்.

மேடையின் எல்லை

இதனைக் கூறும்போது உண்மையை முழுமையாகக் கூறுவது நம் கடன். ஐம்பதாண்டு கடந்த ஒரு சங்கத்தில், அதுவும் சமத்துவம் பேசும் ஒரு சங்கத்தில், நம்மவர் தலைமைக்கு இத்துணை இடைவெளி ஏன் ஏற்பட்டது? மேடையில் கைதட்டல் பெறுவது வேறு. வாக்குப் பெறுவது வேறு. வாக்கு அமைப்பின் வழி வருகிறது. வேட்பாளரை நிறுத்துபவர் எவர் என்பது திடலில் முடிவாவதில்லை. அதற்கு முன்பே அறைகளுக்குள் முடிவாகிறது. ஆகவே விவாத மேடை அநீதியைத் தானே களைந்துவிடும் என நாம் சொல்ல மாட்டோம். அநீதியை மறைத்து வைக்க விடாது என்பதே அதன் பயன். எம்மவர் எத்தனை பேர் என்ற வினா ஆண்டுதோறும் ஆயிரவர் முன் எழும்போது, அதற்கு விடை சொல்ல இயலாதவர் ஒரு நாள் தம் வழக்கத்தை மாற்றியே தீர வேண்டியிருக்கிறது.

மேடையே நின்றுபோன ஆண்டுகளும் உண்டு. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழு மாணவர் தேர்தல்களுக்கு வகுத்த விதிகளை நடைமுறைப்படுத்துமாறு 2006இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்கு மிகலாகாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது என்பன போன்ற நல்விதிகள் அவற்றில் இருந்தன. ஆய்வு மாணவர் 28 வயதிற்கு மேல் போட்டியிடலாகாது என்றும் இருந்தது. காலம் தாழ்த்திக் கல்வி தொடங்கிய ஏழை மாணவர்க்கு இவ்வயது வரம்பு பெரும் இடர். விதிகள் பின்பற்றப்படவில்லை எனக் கூறி 2008இல் இப்பல்கலைக்கழகத் தேர்தலுக்குத் தடை வந்தது. சில விதிகள் தளர்த்தப்பட்ட பின் 2012 மார்ச்சில்தான் தேர்தல் மீண்டது. 2019க்குப் பின் பெருந்தொற்றுக் காலமும் அதனைத் தொடர்ந்த தாமதமும் சேர்ந்து 2024வரை தேர்தல் இல்லை. மேடை இல்லாத ஆண்டுகளில் வினாக்கள் மறையவில்லை. விடை சொல்லும் பொறுப்பு மட்டும் மறைந்தது.

நாம் கொள்ள வேண்டியது

இனி நம் ஊருக்குத் திரும்புவோம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் மாணவர் பேரவைக்கு நேரடித் தேர்தல் நடைபெறுவதில்லை. மதிப்பெண் பார்த்தோ ஆசிரியர் விருப்பம் பார்த்தோ பொறுப்பாளர் அமர்த்தப்படுகின்றனர். ஆதலால் நம் பிள்ளைகள் பட்டம் பெற்றும் பொது அவையில் எழுந்து ஒரு வினாக் கேட்கும் பயிற்சி பெறாமலே வெளிவருகின்றனர். வாலிநோக்கத்து உப்பளத்தில் உழைக்கும் தாயின் மகள் முதல் வகுப்பில் தேறுகிறாள். ஊராட்சியின் கிராமசபையில் எழுந்து தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்க நா எழவில்லை. இக்குறை அவளுடையதன்று. கேட்பதற்குரிய இடத்தை நாம் அவளுக்கு அமைத்துத் தரவில்லை.

நம் சங்கத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். நம் பொறுப்பாளர் தேர்வு இதுநாள்வரை எவ்வாறு நடந்தது? பெரியவர்கள் சிலர் கூடிப் பேசுவர். ஒருமனதாகத் தேர்ந்ததாக அறிவிப்பர். பொதுக்குழு கை தட்டும். ஒற்றுமையைக் காக்க எண்ணி இவ்வாறு செய்தோம். அந்த எண்ணத்தில் குற்றமில்லை. ஆயினும் கேள்வி கேட்கப்படாத தலைமை எத்தகையது என்பதைப் பிறரிடம் பட்டறிந்த நாம், அதே வழக்கத்தை நம் வீட்டில் வைத்திருப்பது தகுமா? வரவு செலவை விளக்குங்கள், சென்ற ஆண்டு எத்தனை பெண் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தீர்கள், செயற்குழுவில் பெண்கள் எத்தனை பேர் என்று ஓர் இளைஞன் கேட்டால், அவனை அடக்கமற்றவன் என்று சொல்லி அமர்த்தும் பழக்கம் நம்மிடமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆகவே மூன்று செயல்களை இவ்வெள்ளி விழா ஆண்டில் மேற்கொள்ள வேண்டுகிறோம். சங்கப் பொறுப்புக்கு நிற்போர் பொதுக்குழு முன் சம நேரம் பேசி, ஒருவரையொருவர் வினவி, உறுப்பினர் வினாக்களுக்கும் விடையளித்த பின்னரே வாக்குப்பதிவு நடத்துதல் ஒன்று. நம் மாணவர் விடுதியின் தலைவர் தேர்வையும் இம்முறையில் மாணவரே நடத்த விடுதல் மற்றொன்று. மாலை வகுப்புகளில் பாடத்தோடு, எழுந்து நின்று வினவவும் சினமின்றி விடையளிக்கவும் பயிற்சி தருதல் மூன்றாவது. இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு முற்றமும், ஒரு விளக்கும், பொறுமையாகக் கேட்கும் பெரியவர் சிலரும் இருந்தால் போதும்.

1931இல் நம் பிள்ளைகள் எழுத்தறியக் கூடாதென்று விதித்த இதே மாவட்டத்தில், நம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் தாங்கி இம்மலர் வெளிவருகிறது. அவர்கள் நாளை பாம்பனைக் கடந்து எந்தப் பல்கலைக்கழகம் சென்றாலும், அங்குள்ள திடலில் கேட்பவராக எழ வேண்டும். காலம் வரும்போது விடையளிப்பவராக மேடையிலும் ஏற வேண்டும். அதற்கான முதல் வினாவை அவர்கள் நம்மைப் பார்த்தே கேட்கட்டும். விடை சொல்ல நாம் அணியமாயிருப்போம்.